போதனை யாருக்கு?

வாட்டிலே காலை ஒன்பது மணி. பெரியம்மாவின் கட்டில் யன்னலோரத்தில் இருந்தபடியால் விறாந்தையில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தில் பேராசிரியர். காலடியிலும் இரு மருங்கிலும் வெள்ளை அங்கி அணிந்த பன்னிரண்டு மாணவர். ஆங்கிலத்திலே வினா எழுகின்றது. ஆங்கிலத்திலே விடை வருகின்றது. மாணவி ஒருத்தி குனிந்து பெரியம்மாவின் கணைக்காலை விரலால் அமத்துகிறாள். விரலை எடுத்த பின்பும் அவ்விடம் குழியாகவே நிற்கின்றது. பன்னிரண்டு பேரும் அக்குழியைப் பார்க்கின்றனர். ஐந்து நிமிடம் அதைப் பற்றிய விசாரணை நடக்கின்றது. பெரியம்மாவோ பேசுபவர் ஒவ்வொருவரின் வாயையும் மாறிமாறிப் பார்த்தபடி கிடக்கிறார். பின்னர் கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலுடன் உள்ளே போனபோது அவர் கேட்ட முதற் கேள்வி: “தம்பி, எனக்கு என்னவாம்?”

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவருடைய வருத்தம் என்னவென்று தெரியும். எந்த உறுப்புப் பழுதாகின்றது, எதனால் ஆகின்றது, இனி என்ன நேரக்கூடும் என்பதெல்லாம் பரீட்சையில் எழுதத்தக்க அளவுக்குத் தெரியும். தம் உடம்பையே பாடப்புத்தகமாக விரித்துக் கொடுத்தவருக்கு மாத்திரம் தெரியாது. வாயிலில் ‘போதனா வைத்தியசாலை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கின்றது. போதனை யாருக்கு?

அந்த வைத்தியசாலையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் ஓரிடத்தின் குற்றமாக அது சுருங்கிவிடும். நான் சொல்ல வந்தது ஓரிடத்தின் குற்றமன்று.

எட்டு நாட்களின் பின் பெரியம்மாவுக்குத் துண்டு வெட்டினார்கள். கையில் ஓர் அட்டையைத் தந்தார்கள். சனங்கள் ‘காட்’ என்று சொல்லும் நோய் நிர்ணய அட்டை அது. முழுவதும் ஆங்கிலம், அதிலும் பாதி சுருக்கெழுத்து. நான் ஆசிரியன். ஆங்கிலம் வாசிப்பேன். வாசித்தேன். சிறுநீரகம் பற்றியது என்றும், சலரோகத்தால் வந்தது என்றும் விளங்கிற்று. அட்டையின் அடியில், மூலையில், இன்னதைத் தவிர்க்குக என்ற பொருளில் ஒரு சொல்லும் அதன் பக்கத்தில் என்.எஸ்.ஏ.ஐ.டி. என்ற ஐந்து எழுத்துக்களும் இருந்தன. அது வைத்தியர்கள் தமக்குள் எழுதிக்கொள்ளும் ஏதோ குறிப்பு என்று எண்ணி விட்டுவிட்டேன். அஞ்செழுத்தை நாள்தோறும் ஓதுகின்ற பெரியம்மாவுக்கு இந்த ஐந்தெழுத்தின் பொருளைச் சொல்ல ஒருவருமில்லை.

பெரியம்மாவுக்கு முழங்கால் நோ பல வருடப் பழக்கம். வீட்டுக்கு வந்ததும் சந்திக் கடையில் வழக்கமான நோக்குளிசையை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒன்றரை மாதத்தில் முகமும் வீங்கித் திரும்பவும் அதே வாட்டுக்குப் போனோம். இளம் வைத்தியர் ஒருவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நோக்குளிசை ஏதும் குடுத்தனீங்களோ? போடக்கூடாதெண்டு இதிலை தெளிவா எழுதியிருக்கே.” எழுதித்தான் இருந்தது. ஐந்தெழுத்தும் அதுதான். பழுதடைந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடிய நோக்குளிசை வகைக்கு அதுவே பொதுப்பெயராம். பெரியம்மா கடையில் வாங்கிய குளிசையின் உறையிலோ அந்த ஐந்தெழுத்து எங்குமே இல்லை. அதில் இருந்தது ஒரு வியாபாரப் பெயர்; அதன் கீழ், கண்ணாடி போட்டாலும் தெரியாத சிறிய எழுத்தில், டைக்குளோபினாக் என்ற மருந்துப் பெயர்.

அந்தக் குளிசைகள்தாம் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் வாதிடவில்லை. வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாக்கியம் தமிழிலே சொல்லப்பட்டிருந்தால் அவை வாங்கப்பட்டிரா. இது மாத்திரம் நிச்சயம்.

இலக்கிய சஞ்சிகையில் ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர் இருக்கலாம். மக்கள் இலக்கியம் என்று நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். 1960களின் முற்பகுதியில், பேச்சு வழக்கை எழுத்திலே ஏற்கலாமா என்பது பற்றி ஈழத்தில் நடந்த மரபு விவாதத்தைத் தமிழாசிரியர் எவரும் மறந்திரார். உழைக்கும் மக்களின் மொழி கதையிலும் நாடகத்திலும் வரவேண்டும் என்று முற்போக்காளர் நின்றனர். ‘இழிசனர் வழக்கு’ என்ற ஏளனத்தையும் தாங்கினர். அந்தப் போரில் வெற்றி கிடைத்தது என்றே சொல்லலாம். ஆனால் நாம் போற்றிய அந்த மக்களுள் எத்தனை பேர் நம் சிறுகதைகளை வாசித்தனர்? அவர்கள் உண்மையிலே கையில் ஏந்தி, கண்ணருகே பிடித்து, பொருள் காண முயன்று தோற்கின்ற எழுத்து வேறு: மருந்துத் துண்டு, குளிசைப் பை, கிளினிக் கொப்பி, சத்திரசிகிச்சைக்கு முன் கையொப்பமிடும் சம்மதப் பத்திரம். இவற்றை விமர்சனத்துக்கு உட்படுத்தாத விமர்சனம் மக்களுடைய வாழ்வுக்கு வெளியிலேதான் நிற்கின்றது.

குளிசைப் பையை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறு கடதாசிப் பை. அதன்மேல் ‘பி.டி.’ என்றோ ‘ரீ.டி.எஸ்.’ என்றோ ‘நொக்டே’ என்றோ கிறுக்கியிருக்கும். நாளுக்கு இருமுறை, மும்முறை, இரவில் என்று பொருள். இவை ஆங்கிலமும் அல்ல; இலத்தீன். உரோமப் பேரரசு அழிந்து பல நூற்றாண்டுகள் சென்றபின் வன்னியிலே நெல் விதைக்கும் ஒருவர் அதன் மொழியிலே குளிசை விழுங்க வேண்டியிருக்கின்றது! சில இடங்களில் காலை, பகல், இரவு என்று மும்மொழியிலும் அச்சிட்ட பைகள் உண்டு; அதுவரை நன்று. ஆனால் ‘என்ன வருத்தத்துக்கு’ என்ற ஒரு வரிக்கு இடம் வைத்த பையை நான் கண்டதில்லை. வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சட் குளிசை பாதி, பெரிய குளிசை சாப்பாட்டுக்கு முன் என்று நிறத்தாலும் பருமனாலும் தம் உயிரை நினைவில் வைத்திருக்கும் முதியோர் நம் ஊரெங்கும் இருக்கின்றனர். அடுத்த மாதம் அதே மருந்து வேறொரு நிறத்தில் வந்தால் அவர்களுடைய கல்வி முழுவதும் அழிந்துபோகின்றது.

சம்மதப் பத்திரத்தின் கதை இன்னும் மோசம். “இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ” என்று நீட்டப்படும்போது நோயாளி கேட்பது ஒன்றுதான்: “எந்த இடத்திலை?” எதற்கு என்று கேட்பவர் அரிது. கேட்டால் அவர் சம்மதிக்க மறுக்கிறார் என்று கொள்ளப்படும். சம்மதம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

அறிவித்தற் பலகைகளிலோ தமிழ் இருக்கத்தான் செய்கின்றது. ‘கதிரியக்கப் பிரிவு’ என்ற பலகையின் கீழே நின்றுகொண்டே, “எக்ஸ்றே எடுக்கிற இடம் எங்கை?” என்று கேட்ட கிழவரை நான் கண்டிருக்கிறேன். ‘என்பு’ என்றும் ‘குருதி’ என்றும் எழுதினால் தமிழ் தூய்மையடையலாம். எலும்பு முறிந்தவருக்கும் இரத்தம் கொடுக்க வந்தவருக்கும் வழி தெரியவேண்டுமே! அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொல் முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1950களிலும் 60களிலும் தமிழிலே விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்களுக்கு அத்தொகுதிகள் எத்துணை உதவின என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் வகுப்பறைக்கான சொல்லைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் அது தமிழாய் இருந்தும் அந்நிய மொழியே ஆகின்றது.

இந்த இடத்தில் ஒரு பழைய வரலாற்றை நினைவுகொள்ள வேண்டியிருக்கின்றது. 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியமும் செய்தார், வைத்தியம் கற்பித்தும் வந்தார். 1864 அளவில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். நூல் இல்லாமல் கற்பிக்க முடியாது. ஆகவே மாணவரையும் தமிழறிந்தாரையும் துணைக்கொண்டு நூல்களை ஆக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. ‘வைத்தியாகரம்’ 1872இல். அதே ஆண்டில் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று வெளிவந்தது. 1875இல் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884இல் அவர் இறக்குமளவும் அது நடந்தது.

கிறீன் ஒரு மிஷனரி. மதமாற்றமே அவருடைய இறுதி நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. காலனித்துவத்தின் நிழலிலேதான் அவரும் வேலைசெய்தார். அவருடைய சொற்கள் எல்லாம் இன்று நமக்கு உவப்பானவையுமல்ல. வடமொழி மிகுதி, சில சொற்கள் நாவிலே நில்லா. ஆயினும் ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லைப் பாருங்கள். கேசாதிபாதம் கேட்டுப் பழகிய காதுக்கு அது முற்றிலும் புதிய ஓசையன்று. ‘கெமிஸ்தம்’ என்று ஆங்கிலச் சொல்லைத் தமிழ் உருவில் எடுத்துக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. கேட்பவருக்கு எது பிடிபடும் என்ற கேள்வி அவருடைய மேசையில் எப்பொழுதும் இருந்தது. ஆங்கிலம் கற்ற வைத்தியன் ஆங்கிலம் பேசும் பட்டினத்தையே நாடுவான், தமிழிலே கற்றவன் தமிழ் பேசும் கிராமத்திலே இருப்பான் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்குப் பிழைக்கவில்லை என்பதை இன்றைக்கும் வைத்தியரில்லாத பின்தங்கிய ஆஸ்பத்திரிகள் சாட்சி சொல்கின்றன.

1870இல் கொழும்பிலே மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயில். கிறீனின் தமிழ் மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. அதன் இழப்பை நாம் வழக்கமாக ‘தமிழ் மொழிக்கு நேர்ந்த இழப்பு’ என்று எழுதுகிறோம். நோயாளிக்கு நேர்ந்த இழப்பு என்று எழுதியவர் குறைவு.

மொழிப் போராட்டத்தின் கதையும் இதுதான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் அதை விரித்தது. உத்தியோகத்துக்காகவும் கச்சேரிக் கடிதத்துக்காகவும் எத்தனை போராட்டம்! அவை நியாயமானவையே. ஆனால் இவ்வளவுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி அட்டை ஆங்கிலத்திலேயே இருந்தது. ‘சிங்களம் மட்டும்’ என்று முழங்கியவர்கள் சிங்களக் கமக்காரனின் அட்டையைக்கூடச் சிங்களத்தில் எழுதுவிக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முழக்கம் எந்த வர்க்கத்துக்குரியது என்பது வெளிச்சமாகும். அநுராதபுரத்துப் பக்கத்திலே 1990கள் முதல் காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோயொன்று கமக்காரரை வாட்டுகின்றது. அவர்களுடைய அட்டையும் என் பெரியம்மாவின் அட்டையும் ஒரே மொழியிலேதான் எழுதப்படுகின்றன. இருவருக்கும் அது விளங்காது. விளக்கம் வராத இடத்துக்கு வதந்தி வருகின்றது; வதந்தியின் பின்னால் வியாபாரி வருகிறான்.

இருவரும் சமம் என்று நான் சொல்லவில்லை. சிங்களக் கமக்காரனுக்கு எழுத்து விளங்காவிட்டாலும் வாய்ப்பேச்சு விளங்கும். மலைநாட்டிலிருந்து நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு அதுவும் பல வேளைகளில் இல்லை. பக்கத்துக் கட்டிற்காரியோ, கூட்டித் துடைக்க வந்த சிற்றூழியரோ மொழிபெயர்ப்பாளர் ஆகவேண்டும். கருப்பையில் என்ன கோளாறு என்பதை அடுத்த கட்டிலில் இருப்பவர் உரத்த குரலில் கேட்டுச் சொல்ல, வாட் முழுவதும் அறிந்துகொள்கின்றது. இரகசியமும் போய்விடுகின்றது, அறிவும் அரைகுறையாகவே வந்து சேருகின்றது.

இவ்வளவு சொன்னதும் இலவச வைத்தியத்தையே பழிக்கும் கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அரச ஆஸ்பத்திரி என்றால் அலட்சியம், காசு கொடுத்தால்தான் கவனம் என்று பேசுவோர் நாளுக்கு நாள் பெருகுகின்றனர். அவர்களுடைய நோக்கம் வேறு. இந்நாட்டு இலவச வைத்தியம் தானமாக வந்ததன்று. 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை அதற்கு வித்திட்டது. 1934-35இல் மலேரியாவால் பல்லாயிரவர் மடிந்தபோது கிராமங்களில் நிவாரணத்துக்கு இறங்கிய இளைஞர்களுட் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தவர்கள். 1951இல் அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் நீக்கப்பட்டது. இடதுசாரிகளும் பங்குகொண்ட அரசாங்கமே 1971இல் வெளிநோயாளரிடம் இருபத்தைந்து சதம் வாங்கத் தொடங்கியது என்பதையும் நாம் மறைக்கலாகாது. 1977இல் அது கைவிடப்பட்டது. நம்மைவிடச் செல்வம் மிகுந்த நாடுகளும் பொறாமைப்படும்படி பிரசவ மரணத்தையும் சிசு மரணத்தையும் குறைத்தது இந்த ஆஸ்பத்திரிதான். தரையிலே பாய் விரித்தேனும் வந்தவரைச் சேர்த்துக்கொள்வதும் இதுதான்.

சிகிச்சை இலவசம். விளக்கம் இலவசமில்லை. என் குற்றச்சாட்டு இதுவே.

1977க்குப் பின் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியார் தொழில் செய்ய இடமளிக்கப்பட்டது. காலையிலே வாட்டில் ஒரு சொல்லும் சொல்ல நேரமில்லாத நிபுணரை மாலையிலே ‘சனல்’ பண்ணிப் பார்க்கலாம். அங்கே கதிரை உண்டு. “உட்காருங்கோ” என்ற சொல் உண்டு. எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இதுதான் இருதயம், இது வீங்கியிருக்கு என்று தமிழிலோ சிங்களத்திலோ சொல்லும் பொறுமையும் உண்டு. எனவே அவருக்குத் தமிழில் விளக்கத் தெரியாது என்பது உண்மையன்று. நோயாளிக்கு விளங்காது என்பதும் உண்மையன்று. எழுதிய மருந்து அதே மருந்துதான். அதைக் காலையில் அரசாங்கம் சும்மா தருகின்றது. மாலையில் அவர் வாங்கும் பணம் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடப் பேச்சுக்குரியது. அறிவு பண்டமாகிவிட்டது என்பதைத் தத்துவ நூலிலே தேடிப் படிக்கவேண்டியதில்லை. சனலிங் நிலையத்தின் வாங்கில் ஒரு மாலை உட்கார்ந்தாற் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொன்னால் ஆசிரிய நண்பர்கள் சிலருக்குச் சுடும். நமக்கு வருத்தம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? “உள்ளே எங்கடை பெடியன் ஒருத்தன் இருக்கிறான்” என்று தொலைபேசியை எடுக்கிறோம். நம்மிடம் படித்த மாணவன் இன்று வைத்தியன். அவன் வாட்டுக்கு வந்து, “சேர், பயப்பிட ஒண்டுமில்லை” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிறான். தாதிமாரும் அதன்பின் நம்மை வேறுவிதமாகப் பார்க்கின்றனர். அடுத்த கட்டிலில் கிடக்கும் மீன்பிடித் தொழிலாளியை “ஏன் இப்ப வந்தனீ?” என்று ஒருமையில் அதட்டிய அதே வாய் நம்மை “ஐயா” என்கின்றது. தெரிந்த ஆள் இருப்பது நமது வர்க்கத்தின் சொத்து. அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு அமைப்பு நன்றாகத்தான் இயங்குகின்றது என்று நாம் சான்றிதழ் வழங்குகிறோம். பெரியம்மாவின் விடயத்தில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெயர் என்ற விடயத்திலும் ஓர் அரசியல் உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே அதனைத் தெளிவாகக் கண்டவர். ஒரே மருந்து பல கம்பனிகளின் பல பெயர்களில் விற்கப்படுவதால் நாட்டின் பணம் வீணாவதை எடுத்துக்காட்டி, மருந்துகளைப் பொதுப்பெயரால் எழுதவும் தேவையானவற்றை மட்டும் இறக்கவும் வேண்டும் என்று டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அறிக்கை தந்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. பிபிலேயே அதற்குத் தலைமை தாங்கினார். பல்தேசக் கம்பனிகளின் எதிர்ப்பு எளியதன்று. 1977இல் கயானாவிலே பணியில் இருந்தபோது அவர் காலமானார். அவருடைய கொள்கையைப் பொருளாதாரக் கொள்கையாகவே நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் ஒரு மருந்துக்கு ஒரு பெயர் என்பது நோயாளிக்கும் உரிய நியாயம். சந்திக் கடை உறையிலும் ஆஸ்பத்திரி அட்டையிலும் ஒரே பெயர், வாசிக்கக்கூடிய எழுத்தில், இருந்திருக்குமானால் என் பெரியம்மாவே இரண்டையும் ஒப்பிட்டிருப்பார். ஐந்தாம் வகுப்புப் படித்தவர், எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

வைத்தியர் பக்கத்து நியாயத்தையும் கேட்கவேண்டும். கட்டில்களைவிட நோயாளர் அதிகம். இளம் வைத்தியர் இரவும் பகலும் நிற்கிறார். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தே இல்லாமல் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்கவேண்டிய நிலை வந்தது. அதன்பின் நாட்டைவிட்டுப் போன வைத்தியர் பலர். எஞ்சியவர்களிடம், எல்லாருக்கும் உட்கார்ந்து விளக்குங்கள் என்று கேட்பது எப்படி என்பர். இது மெய்யான தடை. “நோயாளிக்குச் சொன்னால் பயப்படுவார்” என்ற மற்றத் தடை மெய்யானதன்று. தெரியாதவர்தான் அதிகம் பயப்படுகிறார்; பயத்திலே கண்டதையும் வாங்கிக் குடிக்கிறார். மக்கள் தமது சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்ளும் உரிமையும் கடமையும் உடையவர் என்று 1978இல் அல்மா ஆட்டாவிலே உலக நாடுகள் கூடிப் பிரகடனம் செய்தன. தம் வருத்தத்தின் பெயரே தெரியாதவர் எதைத் திட்டமிடுவார்?

ஆனால் நேரமில்லை என்ற நியாயம் போதனா வைத்தியசாலைக்குப் பொருந்துவதிலும் ஒரு வரம்பு உண்டு. மற்ற ஆஸ்பத்திரிகளில் இல்லாத ஒரு செல்வம் அங்கே இருக்கின்றது: மாணவர். கட்டிலைச் சுற்றி நின்ற பன்னிரண்டு பேரில் ஒருவர் பின்தங்கி நின்று, தாம் இப்பொழுது கற்றதை அந்த நோயாளியின் மொழியில் அவருக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு விதி இருந்தால் என்ன? துண்டு வெட்டும்போது, என்ன வருத்தம், எந்தக் குளிசை எதற்கு, எதைச் செய்யலாகாது, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று அரைப்பக்கத்தில் சிங்களத்திலோ தமிழிலோ எழுதுவதைப் பயிற்சியின் அங்கமாக்கி, அதற்கும் பரீட்சையில் புள்ளி வழங்கினால் என்ன? இரத்த அழுத்தம் பார்க்கத் தெரியாதவனைச் சித்தியடைய விடமாட்டோம். ஒரு கிழவிக்கு அவளுடைய வருத்தத்தைச் சொல்லத் தெரியாதவனை எப்படி விடுகிறோம்? நமது பாடசாலைகளும் இதில் தப்பமுடியாது. விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்புபவர் நாம்தாமே.

இது கற்பனையல்ல என்பதற்கு நான் கண்டதையே சொல்கிறேன். இரண்டாம் முறை பெரியம்மா வாட்டில் இருந்தபோது, மாணவர் கூட்டம் நகர்ந்து போன பின்னர் சிங்கள மாணவி ஒருத்தி மத்தியானத்தில் தனியே திரும்பி வந்தாள். தமிழ் அவளுக்குச் சிறிதளவே வரும். கட்டிலின் ஓரத்தில் நின்று, ஒரு கடதாசியில் அவரை விதைபோல இரண்டு படம் கீறி, “அம்மா, இது நல்லா வேலை செய்யிறதில்லை. அதாலை கால் வீங்குது” என்றாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள். பெரியம்மா பதிலுக்கு அவளுடைய ஊரையும், தாய் தகப்பனையும், கலியாணம் ஆகிவிட்டதா என்பதையும் விசாரித்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். போகும்போது அவள் அட்டையைக் கேட்டு வாங்கி, அதன் பின்புறத்தில் பெரிய எழுத்திலே தமிழில் ஒரு வரி எழுதினாள்: ‘நோக்குலிசை போட வேண்டாம்.’

பெரியம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். “பிள்ளை, இது ‘லி’ இல்லை, ‘ளி’” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் வெட்கத்தோடு அதை வெட்டித் திருத்தி எழுதினாள்.

பெரியம்மா அதன்பின் இரண்டு வருடம் இருந்தார். வாரத்துக்கு இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தார். முழங்கால் நோ விடவில்லை. ஆனால் கடைக்காரன் குளிசையை நீட்டும்போதெல்லாம் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பி அவனுக்குக் காட்டுவார். அந்த அட்டை பொலித்தீன் பையொன்றில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு இன்னமும் வீட்டில் இருக்கின்றது. அதிலே தமிழில் உள்ளது அந்த ஒரு வரிதான்.